பல்லைக் கடிக்கும் இரவுகளும் அக்குபங்சர் ஊசியும்

(நம் நலச்சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பின்னாடி நிற்கிறவங்க முன்னாடி வந்து உட்காருங்க, நாற்காலி காலியாகத்தான் இருக்கு.

செயலாளர் என்னிடம் "டீச்சர், உங்க தாடை வலிக் கதையைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உபயோகப்படும்" என்றார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 31 வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். எனக்குத் தெரிந்தது என் தாடை, அதற்கு வைத்தியம் பார்த்தவர்கள் சொன்னது, பிறகு நானே தேடிப் படித்தது. அவ்வளவுதான். ஆனால் நான் செய்த ஒரு தப்பை நீங்கள் யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பேச ஒப்புக்கொண்டேன். அந்தத் தப்பு கடைசியில் வரும்.

கதை எலியில் ஆரம்பிக்கிறது. நான் இந்தச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தபோது நம் போர்வெல் வற்றிப்போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். லாரித் தண்ணீர்க் கணக்கு, எந்த பிளாக்குக்கு எத்தனை லோடு என்ற சண்டை, ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் வரும் ஆடியோக்கள். அந்தச் சமயத்தில் ஒருநாள் நடு இரவில் என் வீட்டுக்காரர் எழுந்து லைட்டைப் போட்டு, சமையலறையில் அரிசி டின், வெங்காயக் கூடை எல்லாவற்றையும் புரட்டியிருக்கிறார். காலையில் கேட்டால், "ராத்திரி எலி எதையோ கொறிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா, தேடினேன், கிடைக்கல" என்றார். மூன்று நாள் எலிப்பொறி வைத்தோம். தக்காளித் துண்டுதான் வாடியது. நான்காம் நாள்தான் அவர் கண்டுபிடித்தார், சத்தம் வந்தது சமையலறையிலிருந்து இல்லை, என் வாயிலிருந்து.

சிரிங்க, பரவாயில்லை. நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு நாலைந்து மாதம் முன்பிருந்தே காலையில் எழுந்தால் காதுக்குள் வலி. காது டாக்டரிடம் போனேன், காது சுத்தமாக இருக்கிறது என்றார். இரண்டு நெற்றிப்பொட்டிலும் வலி. கண்ணாடி பவர் மாற்றினேன், பிபி பார்த்தேன். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். இது எல்லாமே ஒரே இடத்திலிருந்து வருகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண், பொறுமையான பெண். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் ஓரம் முழுக்கப் பல் பதிந்த தடம், அச்சு முறுக்கு மாதிரி. கோரைப்பல்லைக் கண்ணாடியில் காட்டினார், கூர் மழுங்கித் தட்டையாக இருந்தது. பிறகு இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து அழுத்தினார். உயிர் போய்விட்டது. "ஆன்ட்டி, நீங்க தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. பகல்லயும் இறுக்கி வச்சிருக்கீங்க" என்றார்.

இப்போது எல்லாரும் ஒரு காரியம் செய்யுங்க. இரண்டு கையையும் கன்னத்தில், காதுக்குக் கீழே தாடை வளைகிற இடத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். பல்லை இறுக்கிக் கடியுங்கள். உருண்டையாக ஒன்று எழும்புகிறதா? அதுதான் மெல்லுகிற தசை. இப்போது கையை நெற்றிப்பொட்டுக்குக் கொண்டு போய் மறுபடி கடியுங்கள். அங்கேயும் அசைகிறது அல்லவா? அதனால்தான் பல்லைக் கடிக்கிறவருக்குத் தலைவலி வருகிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான் தொட வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருக்கலாம், பல் விலகித்தான் இருக்க வேண்டும். இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்குப் பல் ஒட்டியிருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. எல்லாரும் இப்போதுதான் விலக்கியிருப்பீர்கள்.

இது அபூர்வமான வியாதி இல்லை. பெரியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். குழந்தைகளிடம் இன்னும் அதிகம், பெரும்பாலும் வளர வளரத் தானாகவே போய்விடும். நம் பக்கம் குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்போம். பூச்சி மருந்து கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுங்கள், ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்களுக்கு மனஅழுத்தம், சரியில்லாத தூக்கம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, மது, புகை, அளவுக்கு மீறிய காபி எல்லாம் இதைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் வரலாம். அப்படி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பல் டாக்டர் எனக்கு அளவெடுத்து நைட் கார்டு செய்து கொடுத்தார். ராத்திரி படுக்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்கிற கெட்டியான உறை. தாடைக்குச் சில பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஆனது. பல் தேய்வது நின்றிருக்கும், ஆனால் வலி பாதிதான் குறைந்தது. சப்பாத்தி மெல்ல முடியவில்லை. அப்போதுதான் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர், "எங்க பொண்ணுக்கு அக்குபங்சர்ல சரியாச்சு, போய்ப் பாருங்க" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கு டீச்சர் ஆயிற்றே. கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததில் ஒரு நல்ல கதை கிடைத்தது. 1938-ல் ஜப்பான் சீனா மீது போர் தொடுத்திருந்தபோது, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அதில் ஒருவர் சோலாப்பூர்க்காரர், டாக்டர் கோட்னிஸ். 1942-ல் அங்கேயே இறந்துபோனார். சாந்தாராம் அவரைப் பற்றிச் சினிமாவே எடுத்தார். அந்த ஐவரில் இன்னொருவர் டாக்டர் பி.கே. பாசு. அவர்தான் பின்னால் சீனாவில் அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்து 1959-ல் கல்கத்தாவில் தொடங்கியவர். யுத்தத்துக்குக் கட்டுப்போடப் போனவர்கள் வழியாக நமக்கு ஊசி வந்திருக்கிறது.

சரி, கதை இருக்கட்டும், வேலை செய்கிறதா? உலக சுகாதார நிறுவனம் 2002-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அக்குபங்சர் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டிய நோய்களின் பட்டியலில் பல்வலியும் தாடை மூட்டுக் கோளாறும் இருக்கின்றன. அந்தப் பட்டியல் தாராள மனசோடு போட்டது என்று குறை சொன்னவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. அதுதான் எனக்குத் தெளிவாகப் பட்டது. அவர்கள் அழுத்திச் சொல்வது தாடைப் பயிற்சி, கையால் தசையை நீவித் தளர்த்துவது, மனப் பழக்கத்தை மாற்றும் ஆலோசனை, நோயைப் பற்றிப் புரிய வைப்பது ஆகியவற்றை. அக்குபங்சரையும் சொல்கிறார்கள், ஆனால் ஒரு படி கீழே, 'முயன்று பார்க்கலாம்' என்ற வரிசையில். வலிக்காக மட்டும் உறை மாட்டுவதை அவர்கள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நான் தப்பாக ஒரு முடிவுக்கு வந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

போனேன். யோகா, இயற்கை மருத்துவம் ஐந்தரை வருஷம் படித்த டாக்டர். பி.என்.ஒய்.எஸ். என்று போர்டில் இருக்கும். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது, அந்தப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். முதல் நாள் ஊசி போடவே இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி, என் கையின் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி உள்ளே நுழைகிறதா என்று பார்த்தார். மூன்று விரல் நுழைந்தால் சரியான திறப்பு. எனக்கு இரண்டரைதான். பல் டாக்டரின் சீட்டைப் பார்த்தார். என்னென்ன மாத்திரை, சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஊசி. தையல் ஊசி மாதிரி நினைக்காதீர்கள், இன்ஜெக்‌ஷன் ஊசி மாதிரியும் இல்லை. கால் மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே மருந்து எதுவும் போவதில்லை. கன்னத்தில் நீங்கள் இப்போது தொட்டுப் பார்த்தீர்களே, கடித்தால் எழும்புகிற உருண்டை, அதன் உச்சியில் ஒன்று. காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குக் கீழே வாயைத் திறந்தால் மேடாகி மூடினால் பள்ளமாகிற இடத்தில் ஒன்று. நெற்றிப்பொட்டில், பிடரியில், பிறகு கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில். தாடை வலிக்குக் கையில் எதற்கு என்று கேட்டேன். முகத்து வலிக்குக் கையிலுள்ள அந்தப் புள்ளிதான் இரண்டாயிரம் வருஷப் பழக்கம் என்றார். அந்தப் புள்ளியைக் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லையாம்.

குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி. பிறகு ஒரு கனம், மதமதப்பு. இருபது நிமிஷம் அப்படியே படுத்திருந்தேன், போன் இல்லாமல். அந்த வருஷத்தில் யாரும் என்னைத் தண்ணீர் லோடு கேட்காத முதல் இருபது நிமிஷம் அதுதான்.

வாரம் ஒருமுறை, மொத்தம் எட்டு முறை. முதல் இரண்டு முறையும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நான்காவது முறைக்குப் பிறகு ஒருநாள் காலையில் காது வலி இல்லாமல் எழுந்தேன். எட்டு முடிந்தபோது மூன்று விரலும் நுழைந்தது. சப்பாத்தி சாப்பிட்டேன்.

எப்படி வேலை செய்கிறது? ஊசி பட்டால் இறுகிய தசை தளர்கிறது, வலியைக் குறைக்கும் பொருள்களை உடம்பே சுரக்கிறது என்று ஒரு விளக்கம். உயிர்சக்தி ஓடும் பாதை என்பது சீனர்களின் பழைய விளக்கம். இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. ஊசி குத்துவதுபோலப் பாவனை செய்து, உண்மையில் குத்தாமல் விட்டுப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. அவற்றில் சிலவற்றில் பாவனை ஊசிக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வலி குறைந்திருக்கிறது. அப்படியானால் எனக்குக் குணம் தந்தது ஊசியா, அமைதியாகப் படுத்த இருபது நிமிஷமா, அக்கறையாக விசாரித்த டாக்டரா? என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வலி குறைந்தது என்பது மட்டும் நிஜம்.

இப்போது என் தப்பு. வலி போனதும் நைட் கார்டைக் கழற்றி டப்பாவில் போட்டு பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். வலிக்கு உறை தேவையில்லை என்று பெரிய பத்திரிகையே சொல்லிவிட்டதே என்ற தைரியம் வேறு. பல் டாக்டரிடம் மறுபடி போகவும் இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு முறை சொன்னார், "ஏம்மா, எலிச் சத்தம் இன்னும் வருது" என்று. வலியே இல்லையே, சத்தம் வந்தால் வந்துட்டுப் போகட்டும், நீங்க திரும்பிப் படுங்க என்றேன்.

பத்து மாதம் கழித்து, ஆயுத பூஜை அன்று. பூஜை முடிந்து பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு பக்கச் சுவர் அப்படியே பெயர்ந்து கையில் வந்துவிட்டது. நான் பொட்டுக்கடலையைத் திட்டினேன். பல் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார், "கடலை பாவம் ஆன்ட்டி. இந்த விரிசல் ரொம்ப நாளா கடிச்சுக் கடிச்சு வந்தது. இன்னிக்கு விழுந்திருக்கு, அவ்வளவுதான்." ரூட் கேனல், அதற்கு மேல் கேப். பக்கத்துப் பல்லிலும் மெல்லிய கீறல் இருக்கிறது.

அப்போதுதான் விளங்கியது. ஊசி எடுத்தது வலியை. கடிக்கிற பழக்கத்தை அது எடுக்கவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதையே அக்குபங்சர் நிறுத்திவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. தேய்ந்த பல்லை எந்த ஊசியும் வளர்க்காது. எனக்கு வலி என்பது ஒரு வகையில் காவல்காரன் மாதிரி இருந்திருக்கிறது. காவல்காரனைத் தூங்கப் பண்ணிவிட்டுக் கதவையும் திறந்து போட்டேன். உறை வலிக்கு மருந்தாக இல்லாமல் போகலாம், பல்லுக்குக் கவசம் அதுதான். இரண்டும் வேறு வேறு கணக்கு. அதைக் கணக்கு டீச்சரே கூட்டிக் குழப்பிவிட்டேன்.

உங்களில் யாராவது ஊசிக்குப் போவதாக இருந்தால் சில விஷயம் விசாரியுங்கள். 2019-ல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதனால் போர்டு மாட்டிய எல்லாரும் ஒரே மாதிரி படித்தவர்கள் என்று ஆகிவிடாது. என்ன படித்தார், எங்கே படித்தார் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், முடிந்ததும் ஊசிக் குப்பைக்கான டப்பாவில் போட வேண்டும். ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவருக்குக் கூடாது, மஞ்சள் காமாலைக் கிருமி அப்படித்தான் பரவும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கம் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு வைத்தியம் செய்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். போனவர்கள் நல்லதாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் மேலே சொன்ன ஆய்வுகள் ஊசி போட்டுச் செய்தவை, அந்தப் பலனைத் தொடுதலுக்கு அப்படியே மாற்றி எழுத முடியாது. அதைவிட முக்கியம், யாராக இருந்தாலும் "சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்க, பிபி மாத்திரையை நிறுத்துங்க, எல்லாம் இதிலேயே சரியாகும்" என்று சொன்னால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். எனக்கும் ஓரிடத்தில் அப்படிச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தியாக நடந்துகொண்டேன்.

எல்லாத் தாடை வலியும் பல் கடிப்பதால் வருவதில்லை. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நடக்கும்போது, படி ஏறும்போது தாடை வலித்தால், அதோடு வியர்வை, நெஞ்சில் பாரம், மூச்சு வாங்கல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஊசியும் வேண்டாம், பல் டாக்டரும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு கன்னம் வீங்கினால் பல்லில் சீழ் இருக்கலாம். ஐம்பதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, கண் மங்கல் என்று வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

என் தம்பி சங்ககிரியில் லாரி ஓட்டுகிறான். என் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, எனக்கும் வாய் சரியாத் திறக்கல, அந்த ஊசி டாக்டர் அட்ரஸ் கொடு" என்றான். வாயைத் திறடா என்றேன். இரண்டு விரல்கூட நுழையவில்லை. உள்கன்னம் வெளுத்து, தொட்டால் கெட்டியாக இருந்தது. காரம் பட்டால் எரிகிறது என்றான். ராத்திரி தூக்கம் வராமல் இருக்க வருஷக்கணக்காகப் பாக்குப் பொட்டலம் மெல்லுகிறவன். அது தசை இறுக்கம் இல்லை. பாக்கினால் உள்சதை நாராக இறுகிப்போகும் நோய், கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறக்கூடியது. நேராகப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். இப்போது பாக்கை விட்டுவிட்டான், சிகிச்சையில் இருக்கிறான். அவனை ஊசிக்கு அனுப்பியிருந்தால் எத்தனை மாதம் வீணாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. நமக்குத் தூரமும் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருச்செங்கோடு பக்கம் கே.எஸ்.ஆர். கல்லூரி, இளையாம்பாளையத்தில் விவேகானந்தா கல்லூரி. எங்கே வசதியோ அங்கே ஒருமுறை வாயைக் காட்டிவிடுங்கள்.

வீட்டில் நான் செய்வது கொஞ்சம்தான். நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்துக்கொள்வேன், அப்படி வைத்தால் பல் தானாக விலகும். மறந்துபோகும் என்பதால் பிரிட்ஜ் கதவிலும் போன் முதுகிலும் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கிறேன். பொட்டைப் பார்த்தால் பல்லை விலக்கு. பேரன் அதை உரித்து உரித்துப் போடுகிறான், நானும் ஒட்டிக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பத்து நிமிஷம் கன்னத்தில் வைத்து, அந்த உருண்டைத் தசையை மெதுவாக வட்டமாக நீவிவிடுவேன். கையிலுள்ள புள்ளியையும் ஒரு நிமிஷம் அழுத்துவேன், அதற்குக் காசா பணமா. பிறகு நைட் கார்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வலி தலைகாட்டினால் ஊசிக்கு இன்னும் போகிறேன். நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும்.

சேலத்துக்காரிக்கு ஒரே வருத்தம், வலி இருக்கும்போது தட்டுவடை செட் கூடாது என்றுவிட்டார்கள். கெட்டித் தட்டுவடை, முறுக்கு, சூயிங்கம், கரும்பு எல்லாம் தாடைக்குக் கூலி வேலை. வலி ஆறும்வரை தள்ளி வைத்திருந்தேன். இப்போது மாதம் ஒன்று சாப்பிடுகிறேன், கேப் போட்ட பக்கம் போகாமல்.

கேள்வி இருந்தால் கேளுங்க. மூன்று விரல் நுழையாதவர்கள் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன் டாக்டரிடம். அந்தப் பக்கம் டீயும் தட்டும் வந்துவிட்டது போல. பக்கோடா கெட்டியாக இருக்கிறதாம், தாடை வலிக்கிறவர்கள் கேசரியோடு நிறுத்திக்கொள்ளுங்க.